லோத்தாரும் அன்தராவும்: சித்திரக்கதை நாயகர்களின் நிறம் குறித்து

சித்திரக்கதை என்றவுடன் அது சிறுபிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் கல்வியாளரிடையே, குறிப்பாக மத்ரஸாச் சூழலில் வளர்ந்த நம்மிடையே, ஆழமாக வேரூன்றியுள்ளது. உருவம் வரைதல் பற்றிய ஃபிக்ஹு விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அது தனிக் கட்டுரைக்குரியது. நாம் விவாதித்துக் கொண்டிருக்கும் வேளையில் பிள்ளைகள் பார்த்துக் கொண்டேதான் இருக்கின்றனர். அவர்கள் பார்க்கும் படங்களில் வீரன் யார், ஏவலன் யார், கொள்ளைக்காரன் யார் என்பதெல்லாம், எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு பாடத்தை அவர்களுக்குக் கற்பித்து வருகிறது. அப்பாடத்தை நாமும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. இதனை எழுதும் ஆமத்தூர், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஊர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் அறியப்பட்ட சிவகாசிக்கு நான்காவதாக ஒரு பெயரும் உண்டு. தமிழில் சித்திரக்கதை வாசித்த மூன்று தலைமுறையினர் அதனை அறிவர். 1972 ஜனவரியில் எம். சௌந்திரபாண்டியன் அவர்களின் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. 1984இல் அவருடைய மைந்தர் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரையப்பட்ட நாயகர்கள் இவ்வூர் அச்சகங்களின் வழியாகவே தமிழ் பேசக் கற்றுக்கொண்டனர். ஆகவே, நாயகனின் நிறம் பற்றிய கேள்வி நமக்கு அந்நியமான கேள்வியன்று. அது நம் வாசலில் அச்சாகி, கட்டுக் கட்டாக வண்டியேறிய கேள்வி.

முதலில் மாயாவியையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் 1962இல் தோன்றிய பாத்திரம் இது. ஓவியர் ஜெசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், உடலில் மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவார். அந்த இரும்புக் கை மட்டும் வெளியில் தெரியும். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இவர் அடைந்த செல்வாக்கு, பிறந்த நாட்டில்கூட அவருக்கு நிலைக்கவில்லை. காரணம் பலவாறாகச் சொல்லப்படுகிறது. நமக்குத் தோன்றுவது இது: உச்சகட்டக் காட்சிகளில் இந்நாயகனுக்குத் தோலே இல்லை. தோல் இல்லாத இடத்தில் நிறமும் இல்லை. அந்தரத்தில் மிதக்கும் ஒரு கையை எந்த ஊர்ப் பிள்ளையும் தன் கையாகக் கருதிக்கொள்ள முடியும்.

இதனோடு அச்சுத் தொழில் சார்ந்த ஒரு நுட்பத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். அக்காலத் தமிழ்ச் சித்திரக்கதைகளில் பெரும்பாலானவை கறுப்பு மையில் மட்டமான தாளில் அச்சானவை. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தில் வெள்ளையரின் முகம் என்பது மை படாத வெற்றுத் தாள். கறுப்பரின் முகத்துக்கு மட்டுமே மை நிரப்ப வேண்டும். அதாவது, வெண்மை என்பது ஒரு நிறமாகவே அங்குத் தோன்றாது. அது இயல்பாய் இருப்பது. மற்றது கூடுதலாய் இடப்படுவது. சற்றே பழுப்பேறிய அந்தத் தாளில் மாயாவியின் முகம் நம் முகத்துக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை என்பது ஆறுதலான செய்தி. ஆனால் அதே பக்கத்தில் மை அப்பப்பட்டு, தடித்த உதடுகளுடன் ஈட்டி ஏந்தி நின்ற ஆப்பிரிக்கரின் முகத்தை நம் முகமாக யாரும் கருதிக்கொள்ளவில்லை. வெயிலில் கறுத்த பிள்ளைகள் அந்தக் கறுப்பைக் கண்டு சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினர். (இவ்வட்டாரத்தில் அச்சாகும் பட்டாசுப் பெட்டிகளில் கன்னம் சிவந்த குழந்தைகளே சிரிக்கின்றன என்பதையும் போகிற போக்கில் குறித்து வைப்போம். பெட்டியை ஒட்டும் கைகளின் நிறம் வேறு.)

அடுத்து வேதாளன். லீ ஃபால்க் 1936இல் படைத்த இந்த முகமூடி வீரரே, இறுக்கமான உடையணிந்த நாயகர் வரிசைக்கு முன்னோடி என்பர். 1536ஆம் ஆண்டில் கடற்கொள்ளையரால் தந்தையை இழந்து கரையொதுங்கிய ஓர் ஆங்கிலேயர், மண்டையோட்டின் மீது சபதம் ஏற்கிறார். அவருடைய வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக ஒரே முகமூடியை அணிகின்றனர். காட்டுமக்களோ அவர் ஒருவரே என்றும், சாவே இல்லாதவர் என்றும் நம்புகின்றனர். கதையின் ஆதாரமே இந்த ஏமாற்றுதான். ஒரு வெள்ளைக் குடும்பம் தான் இறப்பதை மறைத்து நானூறு ஆண்டுகள் ஒரு கானகத்தை ஆள்கிறது. ஆளப்படுவோரின் அறியாமையே அந்த ஆட்சியின் அரண். குடியேற்ற ஆதிக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவகத்தை அதன் எதிரிகள்கூடப் புனைந்திருக்க மாட்டார்கள். ஆயினும் இதனை ஃபால்க் கேலியாகச் சொல்லவில்லை, மனமார நம்பியே சொன்னார் என்பதுதான் கவனத்துக்குரியது.

இந்தியாவில் இக்கதைகளை 1964 முதல் இந்திரஜால் காமிக்ஸ் வெளியிட்டது. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் வெளியீடு அது. அவர்கள் செய்த சில மாற்றங்கள் ஆராய்ச்சிக்குரியவை. வேதாளனின் நாடான 'பெங்காலா' என்பது 'தெங்காலி' ஆயிற்று. வங்காளத்தை நினைவூட்டும் ஒலி அகற்றப்பட்டது. 'சிங்' என்ற பெயருடைய கடற்கொள்ளையர் கூட்டம் 'சிங்கா' ஆயிற்று. வேதாளனின் முன்னோரைக் கொன்ற 'ராமா' என்னும் கொள்ளையன் 'ராமாலு' ஆனான். ஓர் எழுத்தைக் கூட்டியதால் ஒரு சமூகத்தின் மனம் புண்படாமல் காக்கப்பட்டது. நல்ல காரியம், ஐயமில்லை. ஆனால் அதே பக்கங்களில் இருந்த பாந்தர் குள்ளர்களுக்காகவும், மூடநம்பிக்கையில் மூழ்கிய காட்டினராக வரையப்பட்ட ஆப்பிரிக்கருக்காகவும் எந்த எழுத்தும் மாற்றப்படவில்லை. அவர்களுக்கு இந்தியாவில் வாசகர் இல்லை. எவருக்கு வாசகர் உண்டோ, அவருக்குத்தான் பதிப்பாசிரியரின் கரிசனம் கிடைக்கும். சித்திரக்கதைப் பண்ணையில் மட்டும் நிலவும் விதியன்று இது. நம் நாளிதழ்களும் இதே விதிப்படிதான் நடக்கின்றன.

காலம் ஃபால்க்கையும் ஓரளவு மாற்றியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற 1960களில், கதையில் வரும் நாட்டுக்கும் லமாண்டா லுவாகா என்ற கறுப்பினக் குடியரசுத் தலைவர் வந்து சேர்ந்தார். காட்டில் மண்டையோட்டுச் சிம்மாசனம் மட்டும் அப்படியே இருந்தது.

ஃபால்க்கின் மற்றொரு படைப்பான மாண்ட்ரேக் (1934) கதைகளில் வரும் லோத்தாரே நம் விவாதத்துக்கு மையம். மந்திரவாதி மாண்ட்ரேக்கின் துணைவரான இவர் ஆப்பிரிக்க இளவரசர். அரியணையைத் துறந்து மாண்ட்ரேக்குடன் வந்துவிட்டார் என்பது கதை. தொடக்க காலத்தில் சிறுத்தைத் தோல் அணிந்து, துருக்கிக் குல்லாய் தரித்து, உடைந்த ஆங்கிலத்தில் பேசினார். குல்லாய் எதற்கு என்று நமக்கு விளங்கவேயில்லை. கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருவோர் அனைவரையும் ஒரே பெட்டியில் அடைக்கும் அவசரம் போலும். 1965இல் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் ஓவியப் பொறுப்பை ஏற்ற பின்னரே லோத்தாரின் உடையும் மொழியும் சீர்பெற்றன. என்றாலும் வேலைப் பங்கீடு மாறவில்லை: சிந்திப்பவர் மாண்ட்ரேக், தூக்கி எறிபவர் லோத்தார்.

இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு நாம் நினைப்பதைவிடப் பெரிது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழிலோ 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று படிகள் உண்டு. படர்க்கையில் 'அவன்', 'அவர்' என்ற பிளவும் உண்டு. எனவே, மூலத்தில் சொல்லப்படாத ஒரு தீர்ப்பைத் தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு வசனக் குமிழியிலும் வழங்கியே தீர வேண்டும். காட்டுத் தலைவன் வெள்ளைப் பயணியை 'ஐயா' என்றழைப்பதா? அவர் இவனை 'டேய்' என்பதா? ஓவியத்தை மாற்ற சிவகாசிக்கு அதிகாரம் இல்லை. இதை மாற்ற இருந்தது. இந்த அதிகாரம் அழகாகக் கையாளப்பட்டதற்கும் சான்று உண்டு. இத்தாலியில் 1948இல் ஜான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் கல்லெப்பினியும் படைத்த டெக்ஸ் வில்லர், நவஹோ குலத்தில் பெண்ணெடுத்து அக்குலத்துக்கே தலைவரானவர். செவ்விந்தியர் அவருக்கு இட்ட பெயரை லயன் காமிக்ஸ் 'இரவுக் கழுகார்' என்று தமிழாக்கியது; தோழர் கார்சன் 'வெள்ளி முடியார்' ஆனார். அந்த 'ஆர்' விகுதி நம் மண்ணின் மரியாதை. டெக்ஸ் கதைகளில் செவ்விந்தியர் மனிதராகவே நடத்தப்படுகின்றனர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் நவஹோக்களின் தலைவர் ஒரு வெள்ளையர் என்னும் முடிச்சு அங்கும் அவிழவில்லை.

அமெரிக்க நாயகர்களைப் பற்றிய பேச்சில் பலரும் மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. 1938இல் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லாந்தைச் சேர்ந்த யூத இளைஞர்கள். பேட்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான பாப் கேன் பிறப்பால் ராபர்ட் கான். ஜாக் கிர்பி, ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். ஸ்டான் லீ, ஸ்டான்லி லீபர். தங்கள் பெயர்களையே மறைத்துக்கொள்ள நேர்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், முகத்தை மறைத்துக்கொள்ளும் நாயகர்களை உலகுக்கு அளித்தனர். (சிவகாசித் தமிழ் பேசிய 'ஸ்பைடர்' கதைகளில் பெரும்பகுதியை பிரிட்டிஷ் இதழுக்காக எழுதியவரும் இதே சீகல்தான், தன் முதல் நாயகனின் உரிமையைச் சொற்பத் தொகைக்கு இழந்துவிட்ட மனிதர்.) ஒதுக்கப்பட்டவர் வரைந்தாலும் நாயகனின் முகம் ஒதுக்கியவரின் சாயலிலேயே அமைந்தது. சந்தை அதைத்தான் வாங்கியது.

1966இல் அதே ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'பிளாக் பாந்தர்' என்னும் கறுப்பின நாயகரை அறிமுகம் செய்தனர். 2018இல் அது திரைப்படமாகி உலகெங்கும் கொண்டாடப்பட்டது. அக்கொண்டாட்டத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாக் பாந்தர் ஓர் அரசர். 1975இல் வந்த 'ஸ்டார்ம்' என்னும் கறுப்பினப் பெண் தெய்வமாக வணங்கப்பட்டவள். லோத்தார் இளவரசர். ஆனால் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் யார்? வாடகைக்குத் திண்டாடும் அத்தை வீட்டில் வளரும் அநாதைச் சிறுவன். வெள்ளையர் நாயகராவதற்குச் சிலந்தி கடித்தால் போதும். கறுப்பர் நாயகராவதற்கு முதலில் அரச இரத்தம் வேண்டும். சாமானியனாக இருந்துகொண்டே வீரனாகும் உரிமை யாருக்கு உண்டு என்பதே உண்மையான அளவுகோல் என்று நாம் கருதுகிறோம். அந்த அளவுகோலால் பார்த்தால், 1972இல் வந்த லூக் கேஜ், அதாவது செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று மீண்டவர், பிளாக் பாந்தரைக் காட்டிலும் துணிச்சலான படைப்பு. 2011இல் ஸ்பைடர்மேனின் முகமூடியை ஏற்ற மைல்ஸ் மொரேல்ஸ் என்னும் கறுப்பின, லத்தீன் வம்சாவளிச் சிறுவன் இன்னும் முக்கியமானவன். அவன் பள்ளிக்கூடம் போகிறான், பெற்றோரிடம் பொய் சொல்கிறான், பயப்படுகிறான்.

இந்த இடத்தில் அரபிலக்கியம் பயில்வோருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தே தீரும்: அன்தரா இப்னு ஷத்தாத்.

முஅல்லகாத் பாடல்களின் ஆசிரியர்களில் ஒருவர் அவர். தந்தை அப்ஸ் குலத்துப் பிரமுகர். தாய் ஸபீபா அபிசீனிய அடிமைப் பெண். தாயின் நிறம் பெற்ற மகனைத் தந்தை மகனாக ஏற்கவில்லை. ஒட்டகம் மேய்க்க விட்டுவைத்தார். பகைவர் குலத்தைச் சூழ்ந்த ஒரு நாளில் தந்தை, 'பாய்ந்து தாக்கு' என்கிறார். அடிமைக்குப் பால் கறக்கத்தான் தெரியும், தாக்கத் தெரியாது என்கிறான் மகன். 'தாக்கு, நீ விடுதலை பெற்றவன்' என்கிறார் தந்தை. அதன் பிறகே வாள் உருவப்படுகிறது. பழைய இலக்கிய வரலாற்று நூல்கள் சிறு மாற்றங்களுடன் கூறும் இந்நிகழ்வை லோத்தாரின் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லோத்தார் அரசனாயிருந்து ஏவலனாகிறார். அன்தரா ஏவலனாயிருந்து தலைவனாகிறார். லோத்தார் தன் வலிமைக்கு எதுவும் கேட்பதில்லை. அன்தரா தன் வலிமைக்கு விலை பேசுகிறார். பேரம் பேசும் அந்த வாய்தான் அவரை நாயகராக்குகிறது.

அரபுகளின் காக்கைகள் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடும் கூட்டத்தில் அன்தரா, குஃபாஃப், ஸுலைக் ஆகிய கறுப்புத் தாய்மாரின் மைந்தர்கள் இடம்பெறுவர். அந்தப் பட்டப்பெயரிலேயே இகழ்ச்சியும் வியப்பும் ஒருங்கே கலந்திருப்பது தெரிகிறது. ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ், வெள்ளையரைவிடக் கறுப்பர் சிறப்புடையோர் என்று வாதிட ஒரு தனி ஏடே எழுதினார். அதில் அவர் ஸன்ஜுகளையும் அபிசீனியரையும் மட்டும் கறுப்பராகக் கொள்ளவில்லை. ஹிந்த், ஸிந்த் மக்களையும், ஸரந்தீப் முதலிய தீவுகளின் மக்களையும் அக்கூட்டத்தில் சேர்த்தார். மாயாவியின் பக்கங்களில் ஈட்டி ஏந்திய கறுப்பரைக் கண்டு சிரித்த நம் பிள்ளைகளுக்கு அல்ஜாஹிழின் பட்டியலை யாரும் காட்டவில்லை.

ஆனால், நம் மரபு இவ்விஷயத்தில் குற்றமற்றது என்று முழங்கிவிட்டு அமர்வதும் நேர்மையாகாது. அன்தராவின் வாழ்வைச் சுற்றிப் பிற்காலத்தில் எழுந்த 'ஸீரத் அன்தர்' என்னும் நெடுங்கதை, கெய்ரோவின் காப்பிக் கடைகளில் படித்துக் காட்டப்பட்டு வந்தது. அதைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட கதைசொல்லிகள் இருந்ததை எட்வர்ட் லேன் 1836இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். அந்நெடுங்கதையில் என்ன நேர்கிறது? அடிமையான ஸபீபா உண்மையில் அபிசீனிய அரச குலத்துப் பெண் என்று தெரியவருகிறது! மக்கள் கற்பனையால்கூட ஓர் அடிமைப் பெண்ணின் வயிற்றில் அவ்வளவு பெரிய வீரன் பிறந்ததைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பிளாக் பாந்தருக்கு நியூயார்க்கில் சூட்டப்பட்ட மகுடம், ஸபீபாவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சூட்டப்பட்டுவிட்டது.

தாஸ்தான்களிலும் இதே கதைதான். அமீர் ஹம்ஸா தாஸ்தானில் (அதன் நாயகர் கற்பனைப் பாத்திரமே, ஸீராவில் நாம் பயிலும் ஹம்ஸா (ரலி) அவர்களோடு குழப்பிக்கொள்ளலாகாது) லந்தஹூர் என்றொரு மாபெரும் வீரர் வருகிறார். கையில் பெருங்கதை, யானை மீது பவனி, ஸரந்தீப் தீவின் அரசர். ஹம்ஸாவோடு பொருது தோற்றுப் பின் ஆயுள் முழுதும் அவருடைய உற்ற துணைவராகிறார். தென்திசை அரசர், பேருடல், தோல்விக்குப் பின் விசுவாசம்: லோத்தாரின் அச்சு அசலான முன்னோடி இவர். பேரரசர் அக்பர் இந்தத் தாஸ்தானுக்கு 1,400 ஓவியங்கள் தீட்டச் செய்தார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டு உழைப்பு. முன்பக்கம் படம், பின்பக்கம் கதை. படத்தைச் சபையினருக்குக் காட்டியபடி கதையை வாசிக்க வாய்ப்பான அமைப்பு. சித்திரக்கதை மேற்கிலிருந்து நமக்கு வந்த சரக்கு என்று யாரேனும் சொன்னால் இதைச் சுட்டிக்காட்டலாம். கூடவே லந்தஹூரையும் சுட்டிக்காட்ட வேண்டும்.

புகாரியில் வரும் ஓர் அறிவிப்பு நாம் அடிக்கடி பயான்களில் கேட்பது. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைக் கொண்டு இழித்துப் பேசியபோது, அவரிடம் இன்னும் ஜாஹிலிய்யத் ஒட்டியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தார்கள். இழிக்கப்பட்டவர் பெயர் அவ்வறிவிப்பில் இல்லை. பிலால் (ரலி) என்பது விரிவுரையாளர் கூற்று. பயான்களில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்றை இங்குச் சேர்க்கலாம்: கடிந்துரைக்கப்பட்டவர் ஏற்கெனவே ஈமான் கொண்டிருந்த பெரியவர். நிறத்தின் பெயரால் வரும் இழிவு, நம்பிக்கையாளரின் நாவிலும் தங்கியிருக்கக் கூடும்.

இனி, முஸ்லிம் நாயகர்கள். அமெரிக்கச் சித்திரக்கதைகளில் அரபுகள் நெடுங்காலம் வில்லன்களாகவே வந்தனர். அறிஞர் ஜாக் ஷாஹீன் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். 2001 செப்டம்பருக்குப் பிறகு ஓர் அவசரத் திருத்தம் நிகழ்ந்தது. 2002இல் 'எக்ஸ்மென்' கதையில் ஸூரையா காதிர் என்னும் ஆப்கானியப் பெண் நிகாப் அணிந்து வந்தாள். புழுதியாக மாறும் ஆற்றல் பெற்ற அவளை அடிமை வணிகரிடமிருந்து ஒரு வெளிநாட்டு வீரர் மீட்டு வருகிறார். அவள் வாயிலிருந்து வரும் ஒரே சொல் 'துராப்'. அரபியில் மண், புழுதி என்று பொருள். ஆப்கானிய வீடுகளில் பேசப்படும் தாரியில் புழுதிக்கு வழங்கும் அன்றாடச் சொல் 'காக்'. நம் முதலாண்டு மாணவரே சிரிக்கக்கூடிய பிழை இது. நிகாப் இருந்தால் அரபி பேசுவாள் என்ற முடிவில் பிறந்த பாத்திரம். லோத்தாரின் குல்லாய் முக்காடாக மாறியதைத் தவிர வேறு முன்னேற்றம் அதில் இல்லை.

குவைத்தைச் சேர்ந்த நாயிஃப் அல்முதவ்வா 2006இல் தொடங்கிய 'தி 99' எதிர்த்திசையிலிருந்து வந்த முயற்சி. 1258இல் பக்தாது வீழ்ந்தபோது அதன் நூலகத்து ஞானம் தொண்ணூற்றொன்பது கற்களில் பாதுகாக்கப்பட்டது; அவற்றைப் பெற்ற பல நாட்டு இளைஞர்கள் ஆளுக்கோர் ஆற்றல் அடைகின்றனர். ஜப்பார், நூரா என்று அவர்களின் பெயர்கள் அஸ்மாவுல் ஹுஸ்னாவை ஒட்டி அமைந்தன. 2010இல் அதிபர் ஒபாமா இதைப் பாராட்டினார். 2014இல் சவூதி முஃப்தியிடமிருந்து கண்டனத் தீர்ப்பு வந்தது. இறைப் பண்புகளை மனிதர் மீது ஏற்றுவது குறித்த எச்சரிக்கை புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்மக்ஸதுல் அஸ்னா'வில் ஒவ்வொரு திருப்பெயரையும் விளக்கியபின் அதில் அடியானுக்குரிய பங்கு எது என்றும் எழுதியுள்ளார்கள் என்பதை விவாதத்தில் சேர்த்திருக்கலாம். அப்துல் ஜப்பாரை 'ஜப்பார்' என்று நாள்தோறும் கூவியழைக்கும் நம் தெருக்களும் அத்தீர்ப்பின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

நமது குறை வேறு. 'தி 99'இன் நாயகர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கின்றனர். அவர்களுக்கு வேலை, உம்மத்தின் தூதர்களாக உலகின் முன் நிற்பது. தூதருக்குக் கோபப்பட உரிமையில்லை. காதலில் தோற்க உரிமையில்லை. அன்தரா அப்லாவுக்காக ஏங்கினார், தற்பெருமை பேசினார், தந்தையோடு பிணங்கினார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் நம் வகுப்பறையில் உயிரோடு உலவுவது அதனால்தான்.

இந்த வகையில் கமலா கான் நம் பாராட்டுக்குரியவள். இஸ்லாத்தைத் தழுவிய எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சனும், பதிப்பாசிரியர் சனா அமானத்தும், ஓவியர் ஏட்ரியன் அல்ஃபோனாவும் உருவாக்கிய இந்த 'மிஸ். மார்வல்' 2014இல் தனித் தொடராக வெளிவந்து, 2015இல் ஹியூகோ விருதும் பெற்றது, 2022இல் திரைத்தொடருமானது. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். 'கமால்' என்னும் அரபி வேரிலிருந்து வந்த உருதுப் பெயர் அது. நம்மூர்க் கமலாவுக்கு உறவில்லை. ஜெர்ஸி நகரில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பள்ளி மாணவி. உருமாறும் ஆற்றல் கிடைத்ததும் அவள் முதலில் என்ன செய்கிறாள்? பொன்னிறக் கூந்தலும் வெள்ளைத் தோலும் உடைய, தான் வியந்து போற்றிய நாயகியாகவே மாறிவிடுகிறாள். மாறிய பின்னரே அந்தத் தோல் தனக்குப் பொருந்தவில்லை என்று உணர்கிறாள். நாயகனின் நிறம் பற்றி எழுதப்பட்ட எந்த ஆய்வுக் கட்டுரையும் அந்தச் சில பக்கங்களின் கூர்மையை எட்டவில்லை. பள்ளிவாசல் ஷைகிடம் அவளை அனுப்பும் காட்சியும் குறிப்பிடத்தக்கது. திட்டு விழும் என்று அஞ்சிப் போனவளிடம் அவர், செய்யத்தான் போகிறாய் என்றால் நேர்மையோடும் துணிவோடும் செய், உனக்கோர் ஆசிரியரைத் தேடிக்கொள் என்று கூறி அனுப்புகிறார். நம் வகுப்பினரை இவ்வளவு பரிவுடன் வரைந்த பக்கங்களை நாம் அதிகம் பார்த்ததில்லை.

நம் நாட்டிலும் ஒரு முன்னோடி இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. வேதாளன் கோலோச்சிய அதே இந்திரஜால் காமிக்ஸில் 1976இல் 'பகதூர்' என்னும் இந்திய நாயகன் தோன்றினான். காவி நிறக் குர்தாவும் ஜீன்ஸும் அணிந்தவன். கொள்ளைக்காரனின் மகனாகப் பிறந்து, கிராம மக்களையே காவல் படையாகத் திரட்டியவன். அவனைப் படைத்தவர் குஜராத்தி எழுத்தாளரும் ஓவியருமான ஆபித் சூர்த்தி. வரைந்தவர் கோவிந்த் பிராமணியா. ஒரு முஸ்லிம் படைத்த நாயகன் ஏன் முஸ்லிமாக இல்லை என்று கேட்போர் உண்டு. அது தவறான கேள்வி என்பது நம் கருத்து. சாமானியனை நாயகனாக்கும் துணிவு சூர்த்திக்கு இருந்தது. மண்டையோட்டுச் சிம்மாசனத்துக்கு எதிரே அவர் ஊர்ப் பஞ்சாயத்தை நிறுத்தினார். கேட்க வேண்டியது வேறொன்று: பகதூருக்குப் பிறகு அரை நூற்றாண்டாகியும், மொழிபெயர்ப்பிலும் அச்சிலும் இவ்வளவு தேர்ச்சி பெற்ற சிவகாசிக்கு அருகிலேயே வாழும் நாம், வாணியம்பாடியிலோ கீழக்கரையிலோ இப்பட்டாசுப் பட்டியிலோ பிறக்கும் ஒரு நாயகனை ஏன் இன்னும் எழுதவில்லை? பொருளுதவி இல்லை என்பர். ஓவியர் கூலியைவிட அதிகமான தொகை ஒவ்வோர் ஆண்டும் மாநாட்டு மலர்களுக்குச் செலவாகிறது.

இறுதியாக ஓர் ஓவியம். ஏறத்தாழ 1616இல் அரசவை ஓவியர் அபுல் ஹஸன் தீட்டியது. இப்போது டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. ஒளிவட்டம் சூழ, உலக உருண்டையின் மீது நின்று பேரரசர் ஜஹாங்கீர் அம்பெய்கிறார். எதிரே ஈட்டி முனையில் ஒரு கறுத்த தலை. அது மாலிக் அம்பருடையது. அபிசீனியாவில் பிறந்து, அடிமையாகப் பல கை மாறித் தக்காணம் வந்து, அஹ்மத்நகர் அரசின் முதுகெலும்பாகி, முகலாயப் படைகளைப் பல ஆண்டுகள் திணறடித்தவர் அவர். ஓவியம் காட்டுவது ஒருபோதும் நடக்கவில்லை. ஜஹாங்கீர் அவரைப் பிடிக்கவும் இல்லை, கொல்லவும் இல்லை. 1626இல் முதுமையில் இயற்கையாகவே அவர் மறைந்தார். ஓர் அரசர் தம் நினைவுக் குறிப்புகளில் கறுப்பு முகத்தவன் என்று வசைபாடி, களத்தில் முடியாததைத் தாளில் முடித்துக்கொண்ட படம் அது. அமானுஷ்ய வலிமை, உலகைக் காலடியில் நிறுத்தல், கறுத்த பகைவனின் தலை என ஒரு சூப்பர் ஹீரோ அட்டைப்படத்துக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு. அதே அரசவையின் வரலாற்றாசிரியர் முஃதமத் கான் மட்டும், அம்பர் இறந்த செய்தியை எழுதுமிடத்தில், போரிலும் படை நடத்துவதிலும் நிர்வாகத்திலும் அந்த அடிமைக்கு நிகர் எவரும் இல்லை என்று பொருள்பட எழுதி வைத்தார்.